கிருமியைத் தேடிய வைத்தியர் றொபேர்ட் கொஹ்

பிள்ளைகளே, பாடத்தைத் தொடங்க முதல் ஒரு சின்ன வேலை. அம்மாவின் அல்லது அப்பாவின் இடது கையை, தோளுக்குக் கொஞ்சம் கீழே, வடிவாகப் பாருங்கோ. ஒரு சின்ன வட்டத் தழும்பு தெரியுதோ? அவர்கள் இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்தவர்கள் என்றால் அநேகமாக இருக்கும். இப்ப உங்கட கையைப் பாருங்கோ. நீங்கள் யேர்மனியில் பிறந்தவர் என்றால் அநேகமாக அந்தத் தழும்பு இருக்காது.

அது கசநோய் வராமல் இருக்கக் குழந்தைகளுக்குப் போடும் பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு. கசநோயைக் காசநோய் என்றும் சொல்வார்கள். யேர்மன் மொழியில் அது துபேர்குலோசெ. இங்கே அந்த நோய் நன்றாகக் குறைந்துவிட்டது. அதனால் 1998 இல் இருந்து யேர்மனியில் அந்த ஊசியைப் போடச் சொல்வதில்லை.

ஆனால் 1882 க்கு முன் இந்த நாட்டில் நிலைமை வேறு. ஒவ்வொரு ஊரிலும் ஆக்கள் இருமி இருமி, மெலிந்து, இறந்துபோனார்கள். அந்த நோய் எதனால் வருகிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவரின் கதைதான் இது.

சுரங்க ஊரில் பிறந்த பிள்ளை

யேர்மனியின் நடுவில் ஹார்ட்ஸ் மலை இருக்கிறது. நீங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அந்த மலையில் கிளவுஸ்தால் என்று ஒரு ஊர். மண்ணுக்குக் கீழே இருந்து வெள்ளியும் ஈயமும் தோண்டி எடுத்த ஊர் அது. அங்கே 1843 ஆம் ஆண்டு டிசெம்பர் 11 ஆம் திகதி றொபேர்ட் கொஹ் பிறந்தார். அப்பா சுரங்கத்தில் அதிகாரி. வீட்டில் 13 பிள்ளைகள். றொபேர்ட் மூன்றாவது பிள்ளை.

சின்ன வயதிலேயே அவருக்கு உலகம் சுற்ற ஆசை. கப்பலில் வைத்தியராக வேலை செய்து, தூர நாடுகளைப் பார்க்க வேண்டும் என்று கனவு கண்டார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866 இல் வைத்தியர் ஆனார். அடுத்த வருடம் எம்மி என்பவரைக் கலியாணம் செய்தார். ஒரு மகள் பிறந்தாள். கப்பல் கனவு அப்படியே நின்றுபோனது. 1872 இல் வொல்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்கு அரச வைத்தியராகப் போனார். அந்த ஊர் இப்ப போலந்து நாட்டில் இருக்கிறது.

வீட்டுக்குள்ளே ஒரு ஆய்வுகூடம்

வொல்ஸ்டைன் ஊரைச் சுற்றி எல்லாம் பண்ணைகள். அங்கே ஆடுகளும் மாடுகளும் திடீர் திடீர் என்று செத்து விழுந்தன. அந்த நோய்க்குப் பெயர் ஆந்திராக்ஸ். யேர்மன் மொழியில் மில்ட்ஸ்பிராண்ட். கமக்காரர்களுக்கு ஒரு விசயம் விளங்கவே இல்லை. சில புல்வெளிகளில் கன வருடங்களாக ஒரு நோயாளி மாடும் மேயவில்லை. ஆனாலும் அங்கே மேயவிட்ட மாடு செத்துப்போகும். அப்படியென்றால் நோய் எங்கே ஒளிந்திருந்தது?

கொஹ்ஹிடம் பெரிய ஆய்வுகூடம் இல்லை. மனைவி பரிசாகக் கொடுத்த ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. மிக்ரோஸ்கோப் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்வது அதைத்தான். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மிச்ச நேரத்தில் வீட்டிலேயே ஆராய்ச்சி செய்வார்.

செத்த மாட்டின் இரத்தத்தில் சின்னத் தடிகள் போல ஏதோ தெரிந்தன. அவருக்கு முன்பே சிலர் அதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தத் தடிகள்தான் நோயைக் கொண்டு வருகின்றனவா? அல்லது நோய் வந்த பிறகு வருகின்றனவா? அதை ஒருவரும் தெளிவாகக் காட்டவில்லை.

நான் கணினிக்கு நிரல் எழுதுகிற ஆள். ஒரு நிரல் பிழையாக வேலை செய்தால், எது காரணம் என்று ஊகிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கொஹ்ஹும் அப்படித்தான் செய்தார். மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரை எடுத்தார். அதில் அந்தத் தடிகளைத் தனியாக வளர்த்தார். பிறகு அதை எலிகளின் உடம்பில் செலுத்தினார். எலிகளுக்கு அதே நோய் வந்தது!

ஒளிந்திருந்த இடத்தையும் கண்டுபிடித்தார். இந்தக் கிருமிக்குக் கஷ்டமான காலம் வந்தால், அது தடித்த ஓடு போட்ட விதை போல மாறிவிடும். அதை வித்தி என்று சொல்வோம். வித்தியாக அது மண்ணுக்குள் கன வருடம் கிடக்கும். மாடு புல்லைத் தின்னும்போது உள்ளே போய்த் திரும்ப வளரும். புல்வெளியின் இரகசியம் அதுதான்.

1876 இல் அவர் பிரெஸ்லாவ் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பெரிய பேராசிரியர்களுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினார். பெயர் தெரியாத ஒரு கிராமத்து வைத்தியரின் வேலையைப் பார்த்து அவர்கள் அசந்துபோனார்கள்.

உருளைக்கிழங்கும் கடற்பாசியும்

1880 இல் கொஹ்ஹுக்குப் பேர்லினில் அரச சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு புதுப் பிரச்சினை. ஒரு துளி நீரில் கன வகைக் கிருமிகள் கலந்திருக்கும். அவற்றை எப்படிப் பிரிப்பது?

அவித்த உருளைக்கிழங்குத் துண்டில் அவர் கிருமிகளை வளர்த்துப் பார்த்தார். சின்னச் சின்னப் புள்ளிகள் வேறு வேறு நிறத்தில் வளர்ந்தன. ஒரு புள்ளி என்றால் ஒரு வகைக் கிருமி. நல்ல யோசனைதான். ஆனால் எல்லாக் கிருமியும் உருளைக்கிழங்கில் வளராது. ஜெலற்றினில் வளர்த்தார். அது சூட்டில் உருகிவிட்டது.

இதற்கு வழி சொன்னவர் ஒரு வைத்தியரின் மனைவி. அவர் பெயர் ஃபனி ஹெஸ்ஸே. அவருடைய கணவர் கொஹ்ஹின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். ஃபனி சமையலறையில் ஜெலி செய்ய அகர் பாவிப்பார். அகர் என்றால் எங்கட ஆக்கள் கடற்பாசி என்று சொல்கிறார்களே, அதுதான்! அம்மம்மா பால் விட்டுக் கடற்பாசி செய்து துண்டு துண்டாக வெட்டித் தருவார் இல்லையா? வெயிலிலும் அது உருகாது. அதைப் பாவிக்கலாம் என்று ஃபனி சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் கிருமிகளை அகரில்தான் வளர்க்கிறார்கள்.

1882 மார்ச் 24

பிறகு கொஹ் கசநோயைக் கையில் எடுத்தார். அது குடும்பத்தில் பரம்பரையாக வரும் நோய் என்று கன பேர் நம்பிய காலம். கிருமி கண்ணுக்கு அகப்படவே இல்லை. கொஹ் ஒரு நீலச் சாயத்தைப் பாவித்துப் பார்த்தார். அப்போது மெல்லிய, கொஞ்சம் வளைந்த தடிகள் தெரிந்தன. அவற்றை வளர்ப்பதும் கஷ்டம். மற்றக் கிருமிகள் ஓரிரண்டு நாளில் வளரும். இதற்கு வாரக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

1882 மார்ச் 24 ஆம் திகதி பேர்லினில் ஒரு சின்னக் கூட்டத்தில் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். இறக்கிறவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் கசநோயால் இறக்கிறார் என்றும் சொன்னார். அவர் பேசி முடித்ததும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அந்த மார்ச் 24 ஐத்தான் இப்போது உலகக் கசநோய் நாள் என்று வைத்திருக்கிறார்கள்.

கல்கத்தாவில் ஒரு குளம்

1883 இல் எகிப்தில் கொலரா பரவியது. எங்கட ஊரில் பழைய ஆக்கள் அதை வாந்திபேதி என்பார்கள். கொஹ் தன் குழுவோடு அங்கே போனார். ஆனால் அங்கே நோய் குறைந்துவிட்டது. அதனால் இந்தியாவில் உள்ள கல்கத்தாவுக்குக் கப்பலில் போனார். சின்ன வயதுக் கனவு நிறைவேறியது, ஆனால் உல்லாசப் பயணமாக இல்லை.

அங்கே நோயாளிகளிடம் காற்புள்ளி போல வளைந்த கிருமியைக் கண்டார். இத்தாலியில் பச்சீனி என்பவர் 1854 இலேயே அதைப் பார்த்திருந்தார். ஆனால் அப்போது உலகம் அவரைக் கவனிக்கவில்லை. கொஹ் இன்னொன்றையும் பார்த்தார். ஆக்கள் ஒரே குளத்தில் குளித்தார்கள், உடுப்புத் தோய்த்தார்கள், அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது.

ஒரு தெரு, இரண்டு தண்ணீர்

இந்த விசயம் தூர நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதேங்கோ. 1892 ஆகஸ்ட் மாதம் கொலரா ஹம்பேர்க் நகரத்துக்கு வந்தது. சில வாரங்களில் ஏறக்குறைய 8,600 பேர் இறந்தார்கள். அரசு கொஹ்ஹை அங்கே அனுப்பியது.

ஹம்பேர்க் நகரம் எல்பே ஆற்றின் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே வீடுகளுக்கு அனுப்பியது. வடிகட்டும் நிலையம் கட்டும் பேச்சு, செலவைப் பற்றிய வாக்குவாதத்தில் கன வருடம் இழுபட்டது. பக்கத்து நகரம் அல்டோனா. அதுவும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் எல்லைத் தெருக்கள் இருந்தன. தெருவின் ஒரு பக்கம் ஹம்பேர்க் தண்ணீர், அங்கே நோய். மற்றப் பக்கம் அல்டோனா தண்ணீர், அங்கே நோய் மிகக் குறைவு. காற்றும் ஒன்று, மண்ணும் ஒன்று. தண்ணீர் மட்டும்தான் வேறு.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வண்டிகளில் நல்ல தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஹம்பேர்க்கிலும் வடிகட்டும் நிலையம் திறந்தார்கள். கால்டேஹோஃபெ என்ற அந்த இடம் இன்று ஒரு நூதனசாலை. ஹம்பேர்க்குக்குப் போனால் பார்க்கலாம்.

பெரியவர் விட்ட பிழை

இதுவரை வாசித்தால் கொஹ் பிழையே விடாத ஆள் போலத் தெரியும். அப்படி இல்லை. 1890 இல் கசநோயைச் சுகப்படுத்த ஒரு மருந்து கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதன் பெயர் துபேர்குலின். நோயாளிகள் பெரிய நம்பிக்கையோடு பேர்லினுக்கு ஓடி வந்தார்கள். மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் முதலில் சொல்லவில்லை. அதனால் மற்ற வைத்தியர்களால் அதைச் சரி பார்க்க முடியவில்லை. மருந்து சுகப்படுத்தவில்லை. சில நோயாளிகளுக்கு வருத்தம் கூடியது, சிலர் இறந்தும் போனார்கள்.

பிறகு 1906 இல் தூக்க நோயை ஆராயக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போனார். அங்கே அவர் கொடுத்த அடொக்சில் என்ற கடுமையான மருந்தால் சிலருக்குக் கண் பார்வை போனது. அது ஐரோப்பியர்கள் அந்த நாடுகளை ஆண்ட காலம். அந்த நோயாளிகளின் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் தெரியுமோ? ஆந்திராக்ஸில் அவர் ஒவ்வொரு படியையும் சோதித்து மற்றவர்களுக்குக் காட்டினார். அதனால் வென்றார். துபேர்குலினில் அவசரப்பட்டார், மறைத்தார். அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும், சரி பார்க்க வேண்டும்.

அவருக்குப் பிறகு

1905 இல் கசநோய் ஆராய்ச்சிக்காகக் கொஹ்ஹுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1910 மே 27 இல் பாடன்-பாடன் நகரில் காலமானார். பேர்லினில் அவருக்காக 1891 இல் தொடங்கிய நிறுவனத்துக்கு இப்போது அவருடைய பெயர்தான். கொறோனா காலத்தில் வீட்டில் செய்தி ஓடும்போது ஆர்.கே.ஐ. என்று அடிக்கடி கேட்டிருக்கும். அதுதான் றொபேர்ட் கொஹ் நிறுவனம்.

கசநோய்க்கு உண்மையான மருந்துகள் 1940களில்தான் வரத் தொடங்கின. நோயாளியை ஆஸ்பத்திரியில் தனியாக வைத்தால்தான் சுகம் வரும் என்று அப்போது நினைத்தார்கள். சென்னையில் 1956 இல் தொடங்கிய ஒரு ஆய்வு நிலையம் இதைச் சோதித்தது. வீட்டில் இருந்து ஒழுங்காக மருந்து எடுத்தாலும் சுகம் வரும் என்று 1959 இல் காட்டியது. குடும்பத்தோடு இருந்தே சுகமாகலாம்! உலகம் முழுவதும் அந்த வழியைப் பின்பற்றியது.

ஆனாலும் இன்றும் ஒவ்வொரு வருடமும் பத்து இலட்சத்துக்கும் கூடுதலான ஆக்கள் கசநோயால் இறக்கிறார்கள். எங்கட குடும்பங்களில் முந்தி இந்த நோய் வந்தால் வெளியில் சொல்ல மாட்டார்கள். வெட்கம், பயம். கிருமி ஆளைப் பார்த்து வருவதில்லை. நோய் வந்தவர் ஒரு பிழையும் செய்யவில்லை. மறைத்தால் மருந்து பிந்தும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். சொன்னால் சுகமாகலாம்.

இன்றிரவு அம்மாவிடமோ அப்பாவிடமோ அந்தத் தழும்பைப் பற்றிக் கேளுங்கோ. அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைத்தால் அவரிடமும் கேளுங்கோ. அவர்களிடம் உங்களுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கலாம்.

விடை சொல்லுங்கோ

1. கன வருடம் நோயாளி மாடு மேயாத புல்வெளியில் நோய் எப்படி ஒளிந்திருந்தது?
2. கடற்பாசி ஆய்வுகூடத்துக்கு எப்படி வந்தது?
3. ஒரே தெருவின் இரண்டு பக்கத்திலும் நோய் ஏன் ஒரே அளவாகப் பரவவில்லை?
4. துபேர்குலின் விசயத்தில் கொஹ் என்ன செய்திருக்க வேண்டும்? உங்கள் எண்ணத்தை ஐந்து வரியில் எழுதுங்கோ.