நாடற்றோரின் காவலர் நான்சன்

எல்லையில் வந்து நிற்கும் அகதியைக் கண்டதும் பகையென அஞ்சும் அரசுகளுக்கு நாம் ஒருவரின் வாழ்வை நினைவூட்ட விரும்புகிறோம். அவர்தான் நார்வே நாட்டு நான்சன்.

1861-இல் பிறந்தவர், 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்த வீரர். முதல் உலகப் போர் ஓய்ந்தது, துயர் ஓயவில்லை. 1920-இல் சர்வதேச சங்கம் அவரை அழைத்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளை வீடு சேர்த்தார்.

1921-இல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம். கடனுதவி கேட்டு ஜெனீவாவில் மன்றாடினார். வல்லரசுகள் கைவிரித்தன. ஏன்? பசித்தவனுக்கு இடும் சோறு பொதுவுடைமை ஆட்சிக்குப் பலமாகிவிடுமாம்! என்னே நியாயம்!

குடியுரிமை பறிக்கப்பட்ட ரஷ்ய அகதிகளுக்கென 1922-இல் அவர் கண்டதே நான்சன் பாஸ்போர்ட். நாளடைவில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. நாடற்றவன் பெயருடன் எல்லை கடந்தான். அவ்வாண்டே நோபல் சமாதானப் பரிசு அவரை நாடி வந்தது. அப்பணத்தையும் துயர் துடைக்கவே தந்தார். 1930-இல் மறைந்தார்.

இன்று அணிகள் மாறிவிட்டன. அகதிகளின் அவலம் மாறவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. முகவரியற்று அலையும் மனிதனைவிட, பெயர் பதிந்து பிழைக்கும் மனிதனே நாட்டுக்கும் நல்லவன். வேலியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலிக்கு ஒரு வாசல் வேண்டும் என்றே கேட்கிறோம்.