நின்ற விமானம் கவிழ்ந்தது!

பறக்கும்போது விழுந்தால் விபத்து என்கிறோம். சும்மா நிறுத்தி வைத்த விமானம் கவிழ்ந்தால்? மோட்டார் பொருத்தி, மனிதனைச் சுமந்து பறந்த முதல் விமானத்துக்கே அந்தக் கதி நேர்ந்தது!

அதைச் செய்த சகோதரர் இருவரில் மூத்தவர் வில்பர் ரைட். அமெரிக்காவில், இண்டியானா மாகாணத்தில், 1867-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பாதிரியார். வில்பருக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, ஹாக்கி விளையாட்டில் மட்டை முகத்தில் பட்டுப் பற்கள் உடைந்தன. கல்லூரிக்குப் போகும் எண்ணம் கைவிடப்பட்டது. காச நோயில் கிடந்த தாயாருக்குப் பணிவிடை செய்துகொண்டே வீட்டுப் புத்தகங்களைப் படித்தார். பிறகு தம்பி ஆர்வில்லுடன் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்தார். அந்தக் கடை வருமானத்தில்தான் விமானம் பிறந்தது.

காற்று செய்த வேலை

1903 டிசம்பர் 17. கிட்டி ஹாக் கடற்கரை மணல்வெளி. குளிர் காற்று சுழன்று அடித்தது. முதலில் தம்பி 12 விநாடி பறந்தார். நான்காவது முறை அண்ணன் 59 விநாடியில் 852 அடி தூரம் பறந்து சாதித்தார்.

விமானத்தைத் தூக்கி வந்து மணலில் வைத்துவிட்டு, எல்லோரும் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்போது அடித்தது ஒரு பெருங்காற்று! சுமார் 600 ராத்தல் எடையுள்ள விமானம் புரண்டது. ஓடிப்போய்ப் பிடித்த ஜான் டேனியல்ஸ் என்பவர் கம்பிகளுக்கு நடுவே சிக்கி, விமானத்தோடு சேர்ந்து உருண்டார். நல்லவேளை, சிராய்ப்புகளோடு தப்பினார். விமானம் நொறுங்கியது. அது மறுபடியும் பறக்கவே இல்லை.

தம்பி மீது கோபம்

1908-ல் பிரான்ஸ் நாட்டில் பறந்து காட்ட வில்பர் சென்றார். முந்திய ஆண்டே தம்பி கட்டி அனுப்பிய விமானம், பெட்டிகளில் காத்துக் கிடந்தது. லெ மான் நகரில் பெட்டிகளைத் திறந்தவர் திடுக்கிட்டார். சட்டங்கள் ஒடிந்திருந்தன, துணி கிழிந்திருந்தது, ரேடியேட்டர் நசுங்கியிருந்தது. சரியாகக் கட்டத் தெரியவில்லையே என்று தம்பிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதிவிட்டார். குற்றம் தம்பியுடையது அல்ல. பெட்டிகளைச் சோதனையிட்ட சுங்க அதிகாரிகளின் கைவரிசை அது என்று பிற்பாடுதான் தெரிந்தது!

பழுது பார்த்தபோது வெந்நீர்க் குழாய் வெடித்துக் கையும் வெந்தது. வில்பர் அசரவில்லை. கொட்டகையில் விமானத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். ஆகஸ்டு 8-ந் தேதி குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு வட்டம் அடித்து இறங்கினார். கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஊரெல்லாம் விருந்து வைத்தது. பேசச் சொன்னால் மட்டும் வில்பர் நழுவிவிடுவார். பறவைகளில் பேசுவது கிளி ஒன்றுதான், அதுவோ உயரப் பறப்பதில்லை என்று அவர் சமாளித்ததாகச் சொல்வார்கள்.

அந்தச் சிரிப்பும் ஒரு நாள் மறைந்தது. செப்டம்பர் 17-ந் தேதி அமெரிக்காவில் தம்பியின் விமானம் விழுந்தது. உடன் பறந்த இளம் ராணுவ அதிகாரி செல்ஃபிரிட்ஜ் மாண்டார். தம்பி படுகாயமடைந்தார். தாம் அருகில் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது என்று அண்ணன் மனம் புழுங்கினார். ஆனாலும் வேலையை விடவில்லை. அந்த ஆண்டின் கடைசி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து பரிசு வென்றார்.

எத்தனையோ தடவை உயிரைப் பணயம் வைத்துப் பறந்த வில்பரை ஆகாயம் ஒன்றும் செய்யவில்லை. 1912 மே 30-ந் தேதி டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது 45.

மணலில் கவிழ்ந்த அந்த முதல் விமானம், செப்பனிடப்பட்டு, 1948 முதல் வாஷிங்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. இனி அதைக் காற்று புரட்டாது!