அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டுக்குப் பின்னால் ஒரு 23 வயது வாழ்க்கை: யார் இந்த இயன் கர்டிஸ்?

கறுப்பு டி-ஷர்ட். நடுவில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள். ஆன்லைன் ஷாப்பிங்கில் ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அது மலை இல்லை. பல்சர் நட்சத்திரம் ஒன்றிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகளின் வரைபடம். 1979-ல் வெளியான 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படம் அது. இசைக்குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். அதன் பாடகர்தான் இயன் கர்டிஸ்.

யார் இவர்?

1956 ஜூலை 15-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரெட்ஃபோர்டில் பிறந்தவர். வளர்ந்தது மான்செஸ்டருக்குத் தெற்கே, பட்டு ஆலைகளுக்குப் பேர்போன மேக்கிள்ஸ்ஃபீல்டில். 19 வயதிலேயே கல்யாணம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு வேலை; மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருவதுதான் அவர் பொறுப்பு.

இசைக்குழு எப்படி உருவானது?

1976-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு மான்செஸ்டரில் ஒரு சின்ன ஹாலில் வாசித்தது. அதைப் பார்த்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் தாங்களே ஒரு குழு தொடங்க முடிவெடுத்தார்கள். பாடகராக கர்டிஸ் சேர்ந்தார். 1977-ல் டிரம்மர் ஸ்டீபன் மோரிஸ் வந்தார். முதல் பெயர் வார்சா. 1978-ல் ஜாய் டிவிஷன்.

அது என்ன போஸ்ட்-பங்க்?

பங்க் என்றால் வேகம், கோபம், கூச்சல். போஸ்ட்-பங்க் அந்தக் கோபத்தை உள்பக்கம் திருப்பியது. கிட்டாரைவிட பேஸ் முன்னால் நிற்கும். ஒலிகளுக்கு நடுவே வெறுமை இருக்கும். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அந்த வெறுமையையே குழுவின் அடையாளமாக்கினார்.

நோய் வந்தது எப்போது?

வேலை தேடி அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. பிறகு அவர் இறந்த செய்தி கர்டிஸை உலுக்கியது. 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடலுக்குப் பின்னால் இருப்பது அவர்தான்.

அதே நோய் கர்டிஸையும் விடவில்லை. 1978 டிசம்பரில், லண்டன் நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும்போது வலிப்பு வந்தது. அடுத்த மாதமே வலிப்பு நோய் உறுதியானது. மாத்திரைகள் அவரைச் சோர்வாக்கின, மனநிலையும் தடுமாறியது. மேடையில் அவர் ஆடும் வெட்டி வெட்டி இழுக்கும் நடனம் வலிப்பைப் போலவே இருக்கும். ஆடுகிறாரா, நிஜமாகவே வலிப்பா என்று கூட்டத்துக்குப் புரியாத இரவுகளும் உண்டு.

வீட்டில் கைக்குழந்தை, உடைந்துகொண்டிருந்த திருமணம், தூக்கமில்லாத பயணங்கள். 1980 ஏப்ரலில் ஒருமுறை உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டார். அதன் பிறகும் நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. அவர் எழுதிய வரிகளில் இருந்த வலியை நண்பர்கள் வெறும் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அதை அவர்களே பின்னாளில் வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார்கள்.

மே 18. முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப ஒரே நாள் இருந்தபோது, கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23.

அதன் பிறகு?

'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பிரிட்டன் பட்டியலில் 13-வது இடம் பிடித்தது. இரண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' 6-வது இடம். இரண்டையும் பார்க்க அவர் இல்லை. மற்ற மூவரும் 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

அந்த டி-ஷர்ட்டில் இருப்பது ரொம்ப தூரத்திலிருந்து வந்த ஒரு சிக்னல். கர்டிஸ் அனுப்பிய சிக்னல் பக்கத்திலேயே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

*(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழக அரசு உதவி எண் 104.)*