நோயுற்ற ஆடுகளில் 'மெதுவான' வைரஸைக் கண்டறிந்த பியார்ன் சிகுர்ட்சன்

பழவங்காடி (திருவனந்தபுரம்): எச்.ஐ.வி. கிருமி நோய் எதிர்ப்புச் சக்தியை மட்டுமின்றி மூளையையும் பாதிக்கும் என்பது இன்று மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அந்தக் கிருமி கண்டறியப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, அதன் நெருங்கிய உறவான மற்றொரு கிருமியை ஆடுகளின் மூளையில் அடையாளம் கண்டவர் ஐஸ்லாந்து மருத்துவர் பியார்ன் சிகுர்ட்சன்.

1913ஆம் ஆண்டு வட ஐஸ்லாந்தில் பிறந்த அவர், 1937இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் கோபன்ஹேகனிலும், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள ராக்பெல்லர் ஆய்வகத்திலும் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அப்போது ஐஸ்லாந்தின் கிராமங்கள் பெரும் துயரில் இருந்தன. 1933இல் ஜெர்மனியிலிருந்து 20 கராகுல் இன ஆடுகள் கொண்டுவரப்பட்டன. தனிமைப்படுத்திக் கவனித்தபோது அவை நலமாகவே காணப்பட்டதால், பல பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. சில ஆண்டுகளில் உள்நாட்டு ஆடுகள் மூச்சுத் திணறி மடியத் தொடங்கின. விவசாயிகள் அதற்கு 'மைதி', அதாவது மூச்சிரைப்பு, என்று பெயரிட்டனர். வேறு சில ஆடுகள் மெலிந்து, பின்னங்கால்கள் தள்ளாடி, இறுதியில் செயலிழந்து வீழ்ந்தன. இந்நோய்க்கு 'விஸ்னா', வாடிப்போதல், என்று பெயர். ஆட்டை நம்பியே வாழ்ந்த நாட்டில் லட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்று அழிப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழி தெரியவில்லை.

ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் 1948இல் தலைநகர் ரெய்க்யவிக் அருகே கெல்தூர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநராகச் சிகுர்ட்சன் பொறுப்பேற்றார்.

நோயுற்ற ஆட்டின் மூளைத் திசுவை நலமான ஆடுகளின் மூளையில் செலுத்தி அவரது குழுவினர் காத்திருந்தனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மூளைத் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் பெருகின. ஆனால் ஆடு வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தது. நடை தடுமாற மாதங்கள், சில ஆடுகளில் ஆண்டுகள், பிடித்தன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. எலியையோ முயலையோ வைத்துச் சில வாரங்களில் முடிவு காணும் ஆய்வாக இது இருந்திருந்தால் இந்த உண்மை தப்பிப் போயிருக்கும். நோய் இயல்பாகத் தாக்கும் விலங்கையே தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்ததே இந்த ஆய்வின் பலம்.

1954இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில், இத்தகைய நோய்களை 'மெதுவான தொற்றுகள்' என்று அவர் தனியாக வகைப்படுத்தினார். நீண்டகாலம் அறிகுறியின்றி இருத்தல், பின்னர் திட்டவட்டமான போக்கில் கடுமையாகி மரணத்தில் முடிதல் ஆகியவை அவற்றின் இலக்கணம். ஒரே விலங்கினத்தில், ஒரே உறுப்பில் அடங்கும் என்ற நிபந்தனையையும் சேர்த்த அவர், அறிவு வளரும்போது அது மாறக்கூடும் என்றும் கூறிவைத்தார். அது பின்னர் மாறவும் செய்தது. அவர் இப்பட்டியலில் சேர்த்த 'ரிதா' எனும் ஆட்டு நோய்க்கு வைரஸ் அல்ல, பிரியான் எனும் புரதமே காரணம் என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு.

விஸ்னா குறித்த விரிவான கட்டுரை 1957இல் வெளியானது. அடுத்து, ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த செல்களில் அந்த வைரஸை வளர்க்கும் முயற்சியும் வெற்றி பெற்றது. அக்கட்டுரை 1960இல் அச்சானபோது சிகுர்ட்சன் உயிருடன் இல்லை. 1959 அக்டோபரில், 46ஆவது வயதில், புற்றுநோயால் காலமானார்.

கெல்தூர் ஆய்வாளர்கள் அவரது பணியைத் தொடர்ந்தனர். மைதியும் விஸ்னாவும் ஒரே வைரஸின் இரு முகங்கள் என்பது பின்னர் உறுதியானது. 1965க்குப் பின் ஐஸ்லாந்தில் இந்நோய் காணப்படவில்லை. 1970இல் அது ரெட்ரோ வைரஸ் வகையைச் சேர்ந்தது என்பதற்கான நொதிச் சான்று கிடைத்தது. 1985இல், எய்ட்ஸ் கிருமியின் மரபணு வரிசையை விஸ்னாவுடன் ஒப்பிட்டபோது இரண்டும் உறவு கொண்டவை என்பது வெளிப்பட்டது. இவ்விரண்டும் இன்று இடம்பெற்றுள்ள பிரிவின் பெயர் லென்டி வைரஸ். லத்தீன் மொழியில் 'லென்டஸ்' என்றால் மெதுவானது என்று பொருள். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1986இல், சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர்.