வெள்ளிக்கிழமை மாலையும் வீணை தனம்மாளும்

சென்னை ஜார்ஜ் டவுனில், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை மாலையானால் இசைப் பிரியர்கள் ஒரு வீட்டில் கூடுவது வழக்கம். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வந்தவர்களில் பெரிய வித்துவான்களும் இருந்தனர். யாரும் வாய் திறக்கக் கூடாது. வீணையின் ஒலி அவ்வளவு மென்மை. பக்கத்தில் ஒருவர் இருமினாலும் பாதி இசை போய்விடும்.

வாசித்தவர் வீணை தனம்மாள். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை மங்கி, பின்னர் முழுவதும் போய்விட்டது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை.

1867இல் பிறந்தவர் தனம்மாள். பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். தீட்சிதர் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார் தனம்மாள்.

இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அவருடைய இன்னோர் ஆசிரியர், வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸ். பதங்களில் தேர்ந்தவர் என்பதால் 'பதம்' பாலதாஸ் என்றே பெயர். அவர் கண் பார்வையற்றவர். பதம் என்பது மெதுவாக நகரும் காதல் பாட்டு. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் எழுதியவை புகழ்பெற்றவை. அதன் நெளிவு சுளிவுகளை ஏட்டில் எழுதி அடக்க முடியாது. குரு பாட, மாணவி காதால் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கிய பாட்டை, தம் கண்ணும் போன பிறகு, தனம்மாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு நெருக்கடியும் இருந்தது. தேவதாசிக் குடும்பங்களைச் சமூகம் ஒதுக்கத் தொடங்கிய காலம் அது. அவர்கள் காத்துவந்த சிருங்காரப் பாடல்களும் மதிப்பு இழந்து வந்தன. அந்த வீட்டார் கைவிட்டிருந்தால் பல பதங்களை இன்று கேட்க ஆள் இருந்திருக்காது.

அவர்கள் விடவில்லை. மகள்கள் காமாட்சியும் ஜெயம்மாளும் தாயிடம் இருந்த பாட்டைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காமாட்சியின் மகள்கள்தாம் பிருந்தாவும் முக்தாவும். பிருந்தாவை விட நான்கு வயது மூத்தவரான செம்மங்குடி சீனிவாச ஐயரே அவரிடம் பதம் கற்றார். ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி, அதே பதங்களுக்கு அபிநயம் பிடித்து உலகம் சுற்றினார். 1973இல் சங்கீத கலாநிதி ஆனார். பிருந்தாவுக்கு அந்தப் பட்டம் 1976இல் கிடைத்தது. பாலாவின் தம்பிகள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள்.

தனம்மாள் 1938 அக்டோபர் 15ஆம் நாள் மறைந்தார். பேரப்பிள்ளைகளின் இந்தப் புகழ் எதையும் அவர் பார்க்கவில்லை.

1932இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. அவற்றில் சில இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் தட்டின் இரைச்சல்தான் காதில் விழும். எனக்கும் அப்படித்தான்; இரண்டாம் முறை, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கேட்டேன். அப்போதுதான் வீணையோடு சேர்ந்து மெல்லப் பாடும் அந்த முதிய குரலும் கேட்டது.