மரப்பட்டையில் மருந்து தேடிய டாக்டர் போர்ச்சர்

செம்பனை முள் விரலில் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏதோ ஓர் இலையைக் கசக்கிக் கட்டிக்கொண்டு குலை வெட்டப் போகிறவர்கள் நம்மில் உண்டு. இலையில் என்ன இருக்கிறது என்று சிரிக்கிறவர்களும் உண்டு. இலையே போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்கிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பாரும் கேட்க வேண்டிய கதை டாக்டர் பிரான்சிஸ் போர்ச்சருடையது. அமெரிக்க மூலிகை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், நம்மவர்களுக்குத்தான் புதியவர்.

1824-ல் தென் கரோலினாவில் பிறந்தார். பண்ணையும் அடிமைகளும் நிறைந்த வட்டாரம். அங்கே தோட்டத்து ஆளுக்குச் சம்பளம் கிடையாது. பிடிக்கவில்லையென்று வேறு தோட்டம் போகவும் வழி கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் மாடு விற்பதுபோல் சந்தையில் விற்ற காலம். அந்தச் சோற்றில் வளர்ந்தவர்தான் போர்ச்சர். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ நமக்கு மனம் வரவில்லை.

செடி கொடி என்றால் அவருக்கு உயிர். 1847-ல் டாக்டர் பட்டத்துக்கு எழுதியதே சொந்த வட்டாரத்து மருந்துச் செடிகளின் பட்டியல்தான். பிரான்சிலும் இத்தாலியிலும் மேலே படித்துவிட்டு வந்து சார்ல்ஸ்டன் நகரில் தொழில் பார்த்தார். 1850-களில் சிசோல்ம் என்ற டாக்டரோடு சேர்ந்து அடிமைகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். எல்லாம் கருணைதானா? அடிமை படுத்துக்கொண்டால் முதலாளிக்கு நட்டம். அந்நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிகளைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து போயின. லிங்கன் தம் கப்பல் படையை அனுப்பித் தெற்கின் துறைமுகங்களை அடைத்துவிட்டார். மருந்து வருவது குறைந்தது. குளிர்காய்ச்சலுக்குக் கொய்னாகூடக் கிடைப்பது அரிதாயிற்று. காயக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. கிருமி என்ற ஒன்றைப் பற்றி அன்றைய டாக்டர்களுக்குத் தெரியாது. ஒருவன் புண்ணைத் துடைத்த கையோடு அடுத்தவன் புண்ணைத் தொட்டார்கள். சதை அழுகிப் பரவியது. வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தப் போரில் பிழைத்து வீடு திரும்பியவர்களில் 13 பேருக்கு ஒருவர் கையோ காலோ இழந்தவர் என்பது கணக்கு.

தென்படையின் தலைமை மருத்துவர் சாமுவேல் மூர், காட்டிலேயே மருந்து தேடும்படி போர்ச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1863-ல் சுமார் 600 பக்கத்தில் நூல் வெளிவந்தது. அழுகும் புண்ணுக்கும் சீழுக்கும் உதவும் என்று 37 செடிகள் அதில் உண்டு. இவ்வளவும் அவர் மூளையில் உதித்ததா? இல்லை. அந்த மண்ணின் செவ்விந்தியர்களும் பண்ணைகளில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளும் கைப்பழக்கமாக வைத்திருந்த வைத்தியம் அதில் நிறைய. டாக்டரைக் கூப்பிட முடியாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரைத்துப் பூசியது, தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போராடிய படைக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கொடுமையைத்தான் நாம் மறக்க முடியவில்லை.

1865-ல் தெற்கு தோற்றது. அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. போர்ச்சர் சார்ல்ஸ்டன் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னார், 1869-ல் நூலை மறுபடி அச்சிட்டார், 1895-ல் காலமானார்.

பிறகு பென்சிலின் வந்தது. மற்ற மருந்துகளும் வந்தன. நூல் தூசி படிந்து கிடந்தது. ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. கண்டபடி மருந்து கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பிழைத்துப் பெருகின. இன்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அவை புண்ணில் ஏறிக்கொள்கின்றன. அதனால்தான் அட்லாண்டாவிலுள்ள எமோரி பல்கலைக்கழகத்தில் காசாண்ட்ரா குவேவ் என்ற அம்மையாரின் குழு போர்ச்சரின் நூலைத் திறந்து, வெள்ளை ஓக், டூலிப் மரம், பிசாசின் கைத்தடி என்ற முள்மரம் ஆகிய மூன்றையும் சோதித்தது. முடிவு 2019-ல் வெளிவந்தது. ஓக், டூலிப் இரண்டின் சாறும் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன. ஓக் சாறு மருந்துக்கு அடங்காத வேறு இரண்டு கிருமிகளையும் தடுத்தது. பிசாசின் கைத்தடி கிருமியைக் கொல்வதில்லை. கிருமிகள் ஒன்றுக்கொன்று சைகை கொடுத்துக் கூட்டாக நஞ்சைக் கக்கும். அந்தச் சைகையை அது குலைக்கிறது. கூட்டுச் சேர்ந்தால்தான் பலம் என்பது கிருமிக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில், அளந்து வடித்த சாற்றில் கண்டவை. மனிதர் புண்ணில் எவ்வளவு போடலாம், போட்டால் தோல் தாங்குமா என்பதெல்லாம் அந்தச் சோதனையில் சேரவில்லை. வீட்டில் கசக்கிய இலையிலோ மண்ணும் ஈயின் அழுக்கும் சேர்ந்தே வரும். விரல் வீங்கிச் சிவந்து, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். முள் குத்தியது வேலையில் என்றால் அதை மண்டோரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளவும் வேண்டும்.