இரசாயன ஆசான் லீபிக்

இரசாயனம் காதாற் கேட்டு மட்டும் கற்கக்கூடியதன்று. கையாற் செய்தே கற்றல் வேண்டும். ஆயின் அமிலமும் அனலும் வழங்கும் இடத்தில், மாணாக்கனது கையை நோக்கும் ஆசிரியனது கண்ணும் அருகில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்துக் கற்பித்துப் புகழ்பெற்றவர் ஜேர்மனிய அறிஞர் யுஸ்தஸ் லீபிக்.

அவர் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி டார்ம்ஸ்ராட் நகரிற் பிறந்தார். தந்தையார் நிறப்பொருள்களும் மருந்துச் சரக்குகளும் விற்கும் வணிகர். சிறிது தட்டினும் வெடிக்கும் புல்மினேற்று உப்புக்களை இளமையிலேயே ஆராயத் தொடங்கிய லீபிக், பரிஸ் நகரிற் கேலுசாக் என்னும் பேரறிஞரின் ஆய்கூடத்தில் அவருடனிருந்து அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1824இல், தமது 21ஆவது வயதில், கீசன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பழைய படைவீடொன்றின் காவற்கூடமே அவர்க்குக் கிடைத்த ஆய்கூடம். அங்கே நச்சாவி வெளியேற வழி போதாமையால், சில செய்முறைகளைத் திறந்த தாழ்வாரத்தில் நடத்த வேண்டியதாயிற்று. 1839இல் கூடம் விரிவாக்கப்பட்டபோதே ஆவிபோக்கும் கண்ணாடி அடைப்புக்கள் அமைந்தன.

முதிர்ந்த மாணாக்கர் ஒவ்வொருவரும் முன்னாட் செய்ததையும் அன்று செய்யக் கருதியதையும் காலைதோறும் அவரிடம் கூறல் வேண்டும். அவர் ஏற்பார், அன்றேல் திருத்துவார். தொடக்கநிலையாளரை உதவியாசிரியர் வழிநடத்தினர். பல நாடுகளிலிருந்தும் மாணாக்கர் திரண்டபோது, அனைவரையும் ஒரே கூடத்தில் நெருக்காது, தொடக்கநிலையாளர்க்கு வேறோர் ஆய்கூடம் வகுக்கப்பட்டது. லீபிக்கின் மாணாக்கரான ஹைன்றிக் வில் அதற்குப் பொறுப்பேற்றார். ஹொவ்மன், கெக்குலே முதலிய பேரறிஞர் கீசனிற் பயின்றோரே.

1852இல் லீபிக் மியூனிக் நகருக்குச் சென்றார். மறு ஆண்டு, அரச குடும்பத்தினர் முன்னிலையில் அவர் நடத்திய செய்துகாட்டலொன்றில் வாயுக்கலவை வெடித்து, அவையோர் சிலர் சிறு காயமுற்றனர். தேர்ந்த ஆசானின் கையிலேயே இவ்வாறு நேருமாயின், கற்கத் தொடங்குவோரின் கையை எத்துணை விழிப்புடன் நோக்கவேண்டும்! அவர் 1873ஆம் ஆண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி மறைந்தார்.

ஒருவரது மேற்பார்வையில் 25 மாணாக்கருக்கு மேற்படலாகாதென்றும், பல செய்முறைகளுக்கு அதனினுங் குறைந்த தொகையே தக்கதென்றும் அமெரிக்க இரசாயனக் கழகம் கல்லூரிகளுக்கு வழிகாட்டியுள்ளது. எண்ணிக்கை பிற்காலத்தது; அதன் கருத்தோ கீசனில் நடைமுறையாயிருந்தது. ஆய்கூடங்களில் மேசையும் குடுவையும் பெருகும்போது, மேற்பார்ப்போர் தொகையும் பெருகுமாறு செய்தல் கல்விச்சாலைகளை நடத்துவோர் கடனாகும்.